பயணப் படங்களும் அவற்றின் கதைகளும்: ரங்கூனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில் திருவிழாக்களையும் திருமணங்களையும் படமெடுப்பது என் தொழில். தொழில் இல்லாத நாட்களில் ஊர் ஊராகப் போய்ப் படமெடுப்பது என் ஆசை. நகரத்தின் பெயர் யாங்கூன் என்று மாறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் எங்கள் வீடுகளில் இன்னும் ரங்கூன்தான். இங்குள்ள உறவுக்காரப் பிள்ளைகளும், தமிழ்நாட்டிலிருந்து வரும் விருந்தினர்களும், என் தோளில் கேமராவைப் பார்த்துப் பேச்சுக் கொடுக்கும் இளைஞர்களும் ஒரே ஐயங்களைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன்.

அண்ணே, எந்த கேமரா வாங்கினால் படம் நன்றாக வரும்?

உங்கள் கையில் இருக்கும் செல்பேசியிலேயே தொடங்குங்கள். ஓர் ஆண்டு அதில் எடுத்த பிறகு, இருட்டில் படம் தெளிவில்லை, தூரத்தில் இருப்பது எட்டவில்லை என்று உங்களுக்கே குறை தெரியும். அந்தக் குறையைத் தீர்க்கும் கருவியை அப்போது வாங்கலாம். வாங்குவதாக முடிவு செய்தால் 35 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும் என்பது என் கருத்து. கிட்டப் போனால்தான் அதில் ஆள் பெரிதாகத் தெரிவார். கிட்டப் போன பிறகு ஒரு வார்த்தை பேசாமல் இருக்க முடியாது. அந்தப் பேச்சில்தான் படத்தின் கதை கிடைக்கிறது.

மின்வெட்டு நம்மோடு கூடவே வருவது. கூடுதல் பேட்டரியும் பவர் பேங்கும் இல்லாமல் கிளம்பாதீர்கள். இரவுதோறும் அன்றைய படங்களை வேறொரு மெமரி கார்டுக்கு நகலெடுத்துவிடுங்கள்.

எந்த நேரத்தில் எடுப்பது நல்லது? ஸ்வேடகோன் பகோடாவைப் பலமுறை எடுத்தும் கண்ணால் பார்த்த பொன்நிறம் வரவில்லையே?

வெயில் ஏறுவதற்கு முன்பும், இறங்கிய பின்பும். நடுப்பகலில் நிழல் கண்குழிக்குள் விழுந்து எந்த முகத்தையும் களைத்த முகமாக்கிவிடும். தவிர, செருப்பில்லாமல் நடக்க வேண்டிய ஸ்வேடகோன் பளிங்குத் தரையில் பகல் பன்னிரண்டு மணிக்குக் கால் வைக்க முடியாது.

பொன்நிறம் கெடுவதற்குக் காரணம் கேமரா வெளிச்சத்தை அளக்கும் முறை. தன் முன்னால் இருப்பதையெல்லாம் அது நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பகலில் படம் முழுவதும் பளபளக்கும் பொன்னாக இருந்தால், வெளிச்சம் மிகுதி என்று எண்ணிக் கருக்கிவிடும். அப்போது வெளிச்ச அளவை ஒரு படி கூட்ட வேண்டும். இரவில் சுற்றிலும் இருட்டும் நடுவில் விளக்கொளியில் கோபுரமும் இருந்தால், இருட்டுக்கு ஈடுகட்டப் பார்த்துப் பொன்னை வெளுத்த மஞ்சளாக்கிவிடும். அப்போது ஒரு படி குறைக்க வேண்டும். செல்பேசியில் திரையில் தெரியும் பொன்னின் மீது விரலை வைத்து, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலோ கீழோ இழுத்தால் போதும். எனக்குப் பிடித்தது சூரியன் மறைந்த பின் வரும் இருபது நிமிடம். வானம் கருநீலமாகவும் கோபுரம் விளக்கொளியிலும் இருக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை.

மழைக்காலத்தில் கேமராவை வெளியே எடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம். மே மாத நடுவிலிருந்து அக்டோபர் வரை மழை பெய்யும் ஊரில் அதற்குப் பயந்தால் ஆண்டில் பாதி போய்விடும். மழைத்துளியைவிடப் பெரிய பகை, பெட்டியில் பூட்டி வைத்த லென்ஸில் படரும் பூஞ்சை. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பொட்டலங்களை அவ்வப்போது மாற்றுங்கள். அரிசிப் பானைக்குள் வைக்கும் பழக்கம் வேண்டாம்; அரிசித் தூள் லென்ஸுக்குள் போகும்.

முன்பின் தெரியாதவரிடம் எப்படி அனுமதி கேட்பது? கூச்சமாக இருக்கிறது.

"மிங்கலாபா" என்று வணக்கம் சொல்லி, "டாப்போன் யைக்-லோ யமலா" என்று கேளுங்கள். படம் எடுக்கலாமா என்று பொருள். தலையசைத்தால் எடுங்கள், கையசைத்தால் சிரித்துவிட்டு நகருங்கள். எடுத்தபின் திரையைக் காட்டி "சேஸூ திம்பாதே" என்று நன்றி சொல்லுங்கள்.

கூச்சம் போவதற்கு நான் கண்ட வழி, கேமராவை எடுப்பதற்கு முன் உட்கார்ந்துவிடுவது. என் தெருமுனையில் மொகிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் அம்மாவை எடுக்க எனக்கு ஒரு வாரமாயிற்று. முதல் நாட்களில் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, கன்னத்தில் பூசிய தனாக்கா மரப்பட்டைச் சாந்து இன்னும் ஈரமாக இருக்க, வாழைத்தண்டை நறுக்கிக்கொண்டே அவராகவே, "தினமும் அந்தப் பையைச் சுமந்து வருகிறாயே, அதில் என்னதான் இருக்கிறது?" என்று கேட்டார். அன்று எடுத்த படத்தில் அவர் கேமராவைப் பார்க்கவில்லை. குழம்புச் சட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

கேட்டால் முகம் விறைத்துப் போகிறது. தெரியாமல் எடுத்தால்தானே இயல்பாக இருக்கும்?

கூட்டத்தையும் தெருவையும் எடுக்கும்போது ஒவ்வொருவரையும் கேட்க முடியாது. ஆனால் ஒருவரின் முகமே படமாகிறது என்றால் அவர் அறியாமல் எடுப்பதை நான் ஏற்கவில்லை. விறைப்பு முதல் இரண்டு படங்களில்தான் இருக்கும்; பேச்சைத் தொடர்ந்தால் மூன்றாவதில் தளர்ந்துவிடும்.

இதைச் சொல்லும்போது உலகமே அறிந்த ஒரு படம் நினைவுக்கு வருகிறது. 1984இல் பாகிஸ்தானின் பெஷாவர் அருகே அகதிகள் முகாமில் ஸ்டீவ் மெக்கரி பச்சைக் கண்களுடைய ஓர் ஆப்கன் சிறுமியை எடுத்தார். அது 1985 ஜூன் மாத நேஷனல் ஜியோகிராஃபிக் இதழின் அட்டையில் வந்தது. அந்தக் கண்களை அறியாத நாடில்லை. அவள் பெயரோ யாருக்கும் தெரியாது. 2002இல் தேடிக் கண்டுபிடித்தபோதுதான் ஷர்பத் குலா என்ற பெயர் வெளியே வந்தது. பதினேழு ஆண்டுகளாக உலகம் பார்த்த தன் படத்தை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. அதற்கு வெகுமுன்பே, 1936இல் கலிஃபோர்னியாவில் டொரோத்தியா லாங்கே எடுத்த புலம்பெயர் தாயின் படத்துக்கும் இதே கதைதான். அந்தத் தாய் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது 1978இல் தெரிந்தபோது, அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்ற மனக்குறையைத்தான் அவர் சொன்னார். இரண்டும் மகத்தான படங்கள். இரண்டிலும் பெயர் கேட்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

படமெடுத்ததற்குப் பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

முதலிலேயே பேசிக்கொண்டால் கொடுக்கலாம். இன்லே ஏரியில் ஒற்றைக் காலால் துடுப்புப் போட்டு, கூம்புக் கூடையைத் தூக்கிப் பிடித்து நிற்கும் மீனவரின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காலால் துடுப்புப் போடுவது அங்கு வாழும் இந்தா மக்களின் உண்மையான வழக்கம். ஆனால் பிழைப்புக்கு மீன் பிடிப்பவர்கள் இன்று பெரும்பாலும் நைலான் வலை போடுகிறார்கள். அந்தியில் கூடையோடு நிற்பவர் பயணிகளுக்காக நிற்பவர். அது அவருடைய வேலை, அதற்குக் கூலி உண்டு. கொடுத்துவிட்டு எடுங்கள், "மீன் பிடிக்கும் காட்சி" என்று மட்டும் எழுதாதீர்கள்.

கழுத்தில் பித்தளை வளையம் அணியும் கயான் பெண்களின் விஷயத்தில் என் மனம் இவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. ஏரியோரக் கடைகளில் பயணிகள் பார்ப்பதற்காக அவர்களை உட்கார வைத்திருக்கும்போது, அது அவர்கள் விரும்பி ஏற்ற வேலையா என்பது நமக்குத் தெரியாது. அங்கே நான் கேமராவை எடுப்பதற்கு முன் அவர்கள் நெய்த துணியைப் பார்க்கிறேன், பேசுகிறேன். பல முறை படமெடுக்காமலே திரும்பியிருக்கிறேன். கழுத்து நீண்டுவிட்டது என்று எழுதுவதும் தவறு. வளையத்தின் பாரம் தோள் எலும்பைத் தாழ்த்துவதால் அப்படித் தோன்றுகிறது.

அப்படியானால் ஏற்பாடு செய்து எடுத்த படமெல்லாம் பொய்தானே?

ஏற்பாடு என்று சொல்லிவிட்டால் பொய் இல்லை. ஸ்டுடியோவில் அப்பாவும் அம்மாவும் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படத்தை யாரும் பொய் என்பதில்லை. நடந்ததாக நம்ப வைத்தால்தான் பொய்.

இதற்கு நம் நாட்டோடு தொடர்புள்ள ஒருவரே சான்று. ஃபெலிஸ் பியாட்டோ 1858இல் லக்னோவின் சிக்கந்தர் பாக்கில் எடுத்த படத்தில் இடிந்த மாளிகையின் முற்றத்தில் எலும்புகள் சிதறிக் கிடக்கும். சிப்பாய்க் கிளர்ச்சியின்போது அங்கே சண்டை நடந்தது முந்திய ஆண்டு நவம்பரில். படத்துக்காக எலும்புகளைத் தோண்டி எடுத்துப் பரப்பினார்கள். இதே பியாட்டோ பிற்காலத்தில், 1880களின் இறுதியில், மண்டலேயில் குடியேறி ஸ்டுடியோவும் கலைப்பொருள் கடையும் நடத்தினார். திரைச்சீலைக்கு முன் அலங்காரத்தோடு நிற்கும் பர்மியப் பெண்களின் படங்கள் அவர் கடையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போயின. அவற்றை நான் விரும்பிப் பார்க்கிறேன், ஏனெனில் அவை ஸ்டுடியோப் படங்கள் என்பது பார்த்தாலே தெரிகிறது. லக்னோ படத்தை அப்படிப் பார்க்க முடியவில்லை.

வானத்தை மாற்றுவது, குறுக்கே போகும் மின்கம்பியை அழிப்பது தவறா?

கணினி வருவதற்கு முன்பே இது உண்டு. 1855இல் பர்மாவில் படமெடுத்த லின்னேயஸ் டிரைப்பின் காகித நெகட்டிவ்கள் நீல ஒளியை அளவுக்கு மீறி உள்வாங்கியதால் வானம் வெறும் வெள்ளையாக வந்தது. அவர் நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகம் வரைந்தார். 1982 பிப்ரவரி நேஷனல் ஜியோகிராஃபிக் அட்டையில், அகலவாக்கில் எடுத்த கீசா பிரமிடுகளின் படத்தை நெடுக்குவாக்கில் அடக்குவதற்காகக் கணினியில் ஒரு பிரமிடை மற்றொன்றின் அருகே நகர்த்தினார்கள். அது பெரிய கண்டனத்துக்கு உள்ளாயிற்று.

வெளிச்சம், நிறம், ஓரத்தை வெட்டுதல் ஆகியவற்றில் நான் கை வைக்கிறேன். இருந்ததை எடுப்பதில்லை, இல்லாததை வைப்பதில்லை. மின்கம்பியையும்தான், ஐம்பது ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்கு நம் தெருவில் கம்பி எப்படித் தொங்கியது என்பதே பெரிய செய்தியாக இருக்கும். திருமணப் படத்தில் மணப்பெண்ணின் கன்னத்துப் பருவை மறைப்பது வேறு. அது அவர் கேட்டுச் செய்வது.

அந்த டிரைப் யார்? நம் தஞ்சாவூரையும் எடுத்தாராமே?

ஆம், அவர்தான். பர்மாவில் படமெடுத்தவர்களில் அவருக்கு முன்னோடி உண்டு; 1852இல் தொடங்கிய ஆங்கிலேய-பர்மியப் போருக்கு வந்த ராணுவ மருத்துவர் ஜான் மெக்காஷ் ரங்கூனையும் புரோமையும் எடுத்திருக்கிறார். டிரைப் சென்னை ராணுவத்தின் அதிகாரி. 1855இல் ஆர்தர் ஃபேர் தலைமையில் மிண்டோன் மன்னரிடம் சென்ற தூதுக்குழுவோடு ஐராவதியில் பயணம் செய்து, பகானையும் தலைநகரமாக இருந்த அமரபுராவையும் திரும்பும் வழியில் ரங்கூனையும் எடுத்தார். அவற்றில் 120 படங்கள் தொகுப்பாக வந்தன. சில ஆண்டுகளில் மன்னர் தலைநகரை மண்டலேக்கு மாற்ற, அமரபுராவின் அரண்மனைக் கட்டடங்களைப் பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள். ஆகவே அமரபுரா தலைநகராக இருந்த கோலத்தை இன்று காட்டுபவை அந்தப் படங்கள்தான்.

பர்மாவிலிருந்து போனபின் சென்னை மாகாண அரசின் படக்காரராக நியமனம் பெற்று, 1858 வாக்கில் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார். தமிழர் அல்லாத ஒருவர் தமிழ் எழுத்து வரிசை அறுபடக் கூடாது என்று அவ்வளவு பாடுபட்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஒரே மனிதர், ஒரே மூன்றாண்டுக்குள், நாங்கள் வாழும் நாட்டையும் எங்கள் முன்னோர் விட்டு வந்த நாட்டையும் பதிவு செய்திருக்கிறார்.

நம் கோயில்களில் எடுக்கலாமா? தீமிதியை எங்கே நின்று எடுப்பது?

மூலவரை எடுக்கக் கூடாது. மற்ற இடங்களுக்குக் கோயில் நிர்வாகத்தாரைக் கேளுங்கள். அனோரதா சாலையில் உள்ள ஸ்ரீ காளியம்மன் கோயில் போன்ற பழைய கோயில்களில் கோபுரச் சிற்பங்களைத் தெருவின் எதிர்ப்புறம் நின்று காலை வெயிலில் எடுப்பது அழகு. அருள் வந்து ஆடுபவரின் முகத்தில் ஃபிளாஷ் அடிப்பதைப் போன்ற அவமரியாதை வேறில்லை.

தீமிதியில் பால்குழிப் பக்கம் நிற்காதீர்கள். நெருப்பிலிருந்து ஓடி வருபவர் எங்கே கால் வைப்பார் என்று அவருக்கே தெரியாது; தாங்கிப் பிடிக்க நிற்பவர்களுக்கு நீங்கள் இடைஞ்சல். பக்கவாட்டில், கயிற்றுக்கு வெளியே, காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி நின்றால் புகை உங்கள் மேல் வராது. வெளிச்சத்தைத் தணலுக்கு அளக்காமல் முகத்துக்கு அளந்துகொள்ளுங்கள்.

பகோடாக்களிலும் புத்தர் சிலைக்குக் கால் நீட்டி உட்கார்ந்தோ கேலியாகவோ படமெடுக்காதீர்கள். பகானில் 2016 ஆகஸ்ட் 24 நிலநடுக்கத்துக்குப் பிறகு கோயில்களின் மேல் ஏறுவதற்குத் தடை உண்டு. சூரிய உதயம் பார்க்க மண்மேடுகள் அமைத்திருக்கிறார்கள்.

எதையெல்லாம் எடுக்கவே கூடாது?

படைவீரர், காவலர், சோதனைச் சாவடி, விமான நிலையம், முக்கியப் பாலங்கள். டிரோன் பறக்கவிட முன்அனுமதி கட்டாயம். 2017இல் நாடாளுமன்றம் அருகே டிரோன் பறக்கவிட முயன்ற வெளிநாட்டுச் செய்தியாளர்களுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2007 செப்டம்பர் 27 அன்று ராணுவ ஆட்சிக்கு எதிரான போராட்டத்தின்போது சூலே பகோடா அருகே கேமராவைக் கையில் பிடித்தபடியே சுடப்பட்டு இறந்த ஜப்பானியச் செய்தியாளர் கென்ஜி நாகாயை இங்கே யாரும் மறக்கவில்லை. அவர் தரையில் விழுந்த கணத்தை அத்ரீஸ் லத்தீஃப் எடுத்த படம் 2008இல் புலிட்சர் பரிசு பெற்றது. நாகாயின் கேமரா 2023இல்தான் குடும்பத்தாருக்குக் கிடைத்தது. பயணத்துக்கு வந்தவர் எந்தப் படத்துக்காகவும் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

படத்துக்குக் கீழே என்ன எழுதுவது? "பர்மியப் பெண்" என்றால் போதாதா?

போதாது. பெயர், ஊர், நாள், அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற நான்கையும் அன்றிரவே எழுதுங்கள், மறுநாள் மறந்துவிடும். ஷர்பத் குலாவின் கதையை மேலே சொன்னது இதற்காகவும்தான்.

பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஊ, டோ, கோ, மா என்பவை வயதும் மரியாதையும் காட்டும் சொற்கள், ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த ஊ தாண்டின் பெயர் தாண்ட் மட்டுமே. ஆகவே முதல் சொல்லை எடுத்து "திருமதி டோ" என்று எழுதிவிடாதீர்கள். நம் தமிழர்களில் பலருக்கு வீட்டில் ஒரு பெயர், பதிவில் ஒரு பர்மியப் பெயர். எதைப் போட வேண்டும் என்று அவரையே கேளுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போடாதீர்கள்; இந்தக் காலத்தில் அதற்குக் காரணம் கேட்பதும் முறையில்லை.

எங்கள் தாத்தா ரங்கூனில் கடை வைத்திருந்தார். பழைய படம் ஒன்றுதான் இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்து எடுத்து அனுப்ப முடியுமா?

தமிழ்நாட்டிலிருந்து அதிகம் வரும் கேள்வி இது. 1942இல் நடந்தே இந்தியா போனவர்களும், கடைகள் நாட்டுடைமையான பின் 1964 முதல் கப்பலேறியவர்களும் நகையையும் பணத்தையும் விட்டுவிட்டுப் போனார்கள்; படங்களை எடுத்துச் சென்றார்கள். முதலில் தெருப்பெயரைச் சொல்லுங்கள். மொகல் தெரு இன்று ஷ்வே பொந்தா தெரு. ஃபிரேசர் தெரு அனோரதா சாலை. டல்ஹவுசி தெரு மகா பண்டூலா சாலை. ஸ்காட் மார்க்கெட் போஜோ மார்க்கெட். ஊர்களில் மோல்மேன் மௌலமியாயின், பெகு பகோ, புரோம் பியே.

அடுத்து, கடைப் பலகையைப் பார்க்காமல் மேல்மாடியைப் பாருங்கள். கீழே எல்லாம் மாறியிருக்கும். மாடிக் கைப்பிடியின் இரும்புப் பூவேலைப்பாட்டை மாற்ற யாருக்கும் பணமோ மனமோ இருந்திருக்காது. சென்ற ஆண்டு ஒரு குடும்பத்துக்காக மூன்று நாள் அலைந்தேன். படத்தில் தாத்தாவின் தலைக்கு மேலே கைப்பிடியில் ஒரு பூவின் இடப்பக்க இதழ் உடைந்திருந்தது. இப்போது செல்பேசி உறை விற்கும் ஒரு கடையின் மேலே, பச்சைச் சாயத்துக்கடியில், அதே இதழ் உடைந்தபடியே இருந்தது. கடைக்காரப் பையனிடம் பழைய படத்தைக் காட்டினேன். தாத்தா நின்ற இடத்தில் அவனாகவே போய் நின்றுகொண்டான். இரண்டு படங்களையும் சேர்த்து அனுப்பினேன்.

அந்த மாதிரிப் பழைய படங்களை வீட்டில் எப்படிக் காப்பாற்றுவது?

பசையுள்ள பிளாஸ்டிக் ஆல்பத்தில் இருந்தால் பிய்க்காதீர்கள். ஆல்பத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். அங்குலத்துக்கு 600 புள்ளி (dpi) அளவு போதும். ஸ்கேனர் இல்லையென்றால் வெயில் படாத சன்னலோரம் படத்தைத் தரையில் வைத்து, செல்பேசியை நேர் மேலே பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். பின்பக்கத்தையும் எடுக்க மறக்காதீர்கள். ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். பின்னால் பெயர் எழுதுவதானால் மென்மையான பென்சில் மட்டும். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் போட்டுவிடும். படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியம்மாவோ சித்தப்பாவோ உயிரோடிருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேனை அடுத்த மாதம்கூடச் செய்யலாம். இதைத் தள்ளிப்போட முடியாது.

நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களைப் படமெடுப்பது சரியா?

2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பின் மண்டலே, சகாயிங் போன பலர் இதைக் கேட்டார்கள். உதவிக்குப் போனவர் முதலில் உதவியைச் செய்யட்டும். அழுபவரின் முகத்தை நான் எடுப்பதில்லை; அவர் "எடு, வெளியே தெரியட்டும்" என்று சொன்னால் எடுப்பேன், அப்படிச் சொன்னவர்களும் உண்டு. இடிந்த புத்த விகாரைகளையும் 1934இல் கட்டிய ஆவா பாலத்தின் விழுந்த பகுதியையும் பதிவு செய்வது வேறு. டிரைப்பின் அமரபுராப் படங்களைப் போல நாளை அவை தேவைப்படும். அந்த ஊர்களில் முன்பு எடுத்த சாதாரணப் படங்கள் உங்களிடம் இருந்தால் இப்போது தேடி எடுத்து, அங்குள்ளவர்களுக்குக் கொடுங்கள்.

படம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். முகவரி வாங்கவில்லை. என்ன செய்வது?

அச்சிட்டு, அந்தப் பக்கம் போகிறவரிடம் கொடுத்தனுப்புங்கள். எடுத்த இடத்துக்கு மிக அருகில் உள்ள தேநீர்க் கடையில் கொடுத்தால் போதும். கடைக்காரர் படத்தைக் கண்ணாடிப் பெட்டியில் சாய்த்து வைப்பார்; காலையில் தேநீர் குடிக்க வரும் யாராவது ஒருவர், "இது நம் தெரு ஆளாச்சே" என்று எடுத்துப் போவார். நான் அப்படிக் கொடுத்தனுப்பிய படங்களில் பெரும்பாலானவை போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஒரே அளவில் இரண்டு பிரதியாக அனுப்புங்கள். ஒன்றைக் கடைக்காரர் தன் சுவரில் ஒட்டிக்கொள்வார்.